கொம்பேறிகளின் உலகம்

நுழையும்முன்

பழகிய பெயர்களுக்குள் நெடுங்காலக் கவனிப்பும் உண்டு. நெடுங்கால அச்சமும் உண்டு. மரத்தில் வாழும் இரு பாம்புகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள் இதற்குச் சான்று. கண்கொத்திப் பாம்பு, கொம்பேறி மூக்கன் என்னும் அப்பெயர்களில் உண்மை எவ்வளவு, கதை எவ்வளவு என்பதை அறிவியலின் துணைகொண்டு ஆராய்கிறது இப்பாடம். ஆலைகள் சூழ்ந்த நிலத்தில் அவ்வுயிர்களின் வாழ்வு தொடர்வதற்கு எது தேவை என்பதையும் எடுத்துரைக்கிறது.

ஏரியும் ஆலையும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது திருப்பெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் நோக்கிச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் இப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. மகிழுந்து, சரக்குந்து, டயர், கைப்பேசி எனப் பல பொருள்கள் இங்கு உருவாகி உலகின் பல நாடுகளுக்குச் செல்கின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் நிலமாக இது மாறியுள்ளது.

ஆலைகள் எழுவதற்கு முன்னர் இது ஏரிப் பாசன நிலம். செம்பரம்பாக்கம் ஏரியும், திருப்பெரும்புதூர் ஏரியும், ஊர்தோறும் உள்ள சிற்றேரிகளும் அப்பழைய அமைப்பின் அடையாளங்களாக இன்றும் நிற்கின்றன. ஏரிக்கரைகளில் பனைகள், வரப்போரங்களில் வேம்பும் புங்கமும், தோட்டங்களைச் சுற்றிக் கிளுவை வேலி, பயிரிடப்படாத மேட்டு நிலங்களில் காரை, களா, சூரை, இலந்தை ஆகியவை அடர்ந்த புதர்க்காடு. இவ்வேலிகளும் புதர்களும் மனிதர் கண்ணுக்கு வெறும் முள்ளாகத் தோன்றலாம். மரத்தில் வாழும் பாம்புகளுக்கோ அவையே வீடு, சாலை, வேட்டைக்களம் ஆகிய மூன்றும் ஆகும்.

திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். வைணவ மரபு அவரை ஆதிசேடனின் அவதாரமாகப் போற்றுகிறது. பாம்பைத் தெய்வமாகக் கருதி வணங்கும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. எனினும் வேலியில் பச்சையாக ஒன்று நெளிந்தால் கம்பைத் தேடுவதும் அதே மக்களின் இயல்பாக இருக்கிறது. வணக்கத்திற்கும் வதைக்கும் இடையே விடுபட்டுப்போன ஒன்று உண்டு. அதுவே அறிதல்.

பெயரின் பொருள்

கொம்பு என்னும் சொல்லுக்கு விலங்கின் கொம்பு என்பது ஒரு பொருள். மரக்கிளை என்பது மற்றொரு பொருள். கொம்பேறி என்றால் கிளையில் ஏறுவது. கொம்பேறி மூக்கன் என்னும் பெயரைக் கேட்டுத் தலையில் கொம்புள்ள பாம்பு என்று சிலர் எண்ணுவதுண்டு. அப்படியொரு கொம்பு அதற்கு இல்லை. கிளைவிட்டுக் கிளை தாவும் அதன் செயலையே பெயர் சுட்டுகிறது. பெயரிட்டவர் அப்பாம்பை நெருங்கிக் கவனித்தவர் என்பது இதனால் விளங்கும்.

பச்சைப்பாம்பின் மற்றொரு பெயர் கண்கொத்திப் பாம்பு. அது மனிதரின் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் என்பது நம்பிக்கை. இந்நம்பிக்கை தமிழகத்தோடு நிற்கவில்லை. இப்பாம்பின் பேரினத்திற்கு அறிவியல் உலகம் 1807இல் வழங்கிய பெயர் அகைதுல்லா. இலங்கையில் வழங்கும் சிங்களச் சொல் ஒன்றிலிருந்து அது பெறப்பட்டது. கண்ணைப் பறிப்பது என்பது அதன் பொருள். ஒரே அச்சம் கடலின் இருகரையிலும் வழங்கி, பின்னர் உலக அறிவியல் பெயராகவும் நிலைத்துவிட்டது.

கொடியைப் போன்ற உடல்

பச்சைப்பாம்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது. ஆயினும் அதன் உடல் ஒரு விரல் பருமனே இருக்கும். ஆணைவிடப் பெண் பெரிது. மேற்புறம் இலைப்பச்சை நிறம்; அடிப்புறத்தின் இருபக்கமும் வெண்மையோ இளமஞ்சளோ ஆன மெல்லிய கோடு. அரிதாகப் பழுப்பு நிறத்திலும் இப்பாம்பு காணப்படும். தலை நீண்டு, முகவாய் கூராகி, மூக்கின் நுனியில் சிறு தசைமுனை நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்பாம்பு பகலில் இயங்குவது. ஓணான், தவளை, சிறு பறவை ஆகியவை அதன் உணவு. துரத்திச் சென்று வேட்டையாடுவதைவிடக் காத்திருந்து பிடிப்பதே அதன் முறை. உடலின் பின்பகுதியைக் கிளையில் சுற்றி, முன்பகுதியை வெளியில் நீட்டி, அசைவற்று நிற்கும். காற்று வீசினால் அருகிலுள்ள கொடிகள் ஆடும். அவற்றோடு சேர்ந்து அதுவும் ஆடும். இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் பாய்ந்து கவ்வும். கீழே சென்ற இரையைக் கவ்வி மேலே தூக்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு சூழலோடு ஒன்றி மறைந்து வாழும் தகவமைப்பை உருமறைத்தோற்றம் என்பர்.

மறைவு பயன்படாமல் எதிரி நெருங்கிவிட்டால் பச்சைப்பாம்பு தன் கழுத்தையும் முன்னுடலையும் விரிக்கும். செதில்களுக்கு இடையே மறைந்திருந்த தோல் அப்போது கறுப்பும் வெள்ளையுமாக வெளிப்படும். வாயையும் அகலத் திறந்து காட்டும். இது தாக்குதலுக்கு முன்னர் விடும் எச்சரிக்கை. விலகிச் செல்பவரை அது பின்தொடர்வதில்லை.

கொத்தாத கண்கொத்தி

கண்கொத்தி என்னும் பெயரில் கண் என்னும் சொல் இடம்பெற்றது பொருத்தமானதே. அது மனிதரின் கண்ணைக் குறிப்பதைவிடப் பாம்பின் கண்ணைக் குறிக்குமாயின் மிகப் பொருந்தும். பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ செங்குத்துப் பிளவாகவோ இருக்கும். பச்சைப்பாம்பின் கண்மணி கிடைமட்டமானது. சாவித்துளையைப் போன்ற வடிவம் உடையது. கண்ணிலிருந்து மூக்கு வரை முகவாயின் இருபுறமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. துப்பாக்கியின் குறிகாட்டி வழியே பார்ப்பதுபோல அப்பள்ளத்தின் வழியே இரு கண்களும் முன்னோக்கிப் பார்க்க இயலும். இரு கண்களின் பார்வையும் ஒரே பொருளின்மீது குவியும்போது அப்பொருளின் தொலைவு துல்லியமாகத் தெரியும். இதனை இருவிழிப் பார்வை என்பர். விழித்திரையில் கூர்நோக்குக்கு உரிய சிறுகுழியும் இப்பாம்புக்கு உண்டு. இலைகளுக்கிடையே அசையாமல் இருக்கும் ஓணானையும், அது இருக்கும் தொலைவையும் கணித்தறிய இவ்வமைப்பு உதவுகிறது.

பாம்புகளுக்கு இமை இல்லை. கண்ணைக் கண்ணாடிபோன்ற ஒரு செதில் மூடியிருக்கிறது. தோலுரிக்கும்போது அச்செதிலும் சேர்ந்து கழலும். ஆதலால் பாம்பு கண் இமைப்பதே இல்லை. விடாமல் உற்றுக் கவனிப்பவரைக் 'கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்' என்று கூறும் தமிழ்மரபுத்தொடர் இவ்வுண்மைக்கு மிக நெருங்கியது. கொத்துவதாகக் கூறும் கதையைவிட, பார்ப்பதாகக் கூறும் தொடரே பாம்பைச் சரியாக அறிந்திருக்கிறது.

கதை தோன்றியதற்கான காரணத்தையும் ஊகிக்கலாம். தரையில் ஊரும் பாம்பு மனிதரின் காலுக்கு அருகில் வரும். வேலியிலும் புதரிலும் வாழும் பச்சைப்பாம்போ முகத்தின் உயரத்தில் இருக்கும். கிளையை விலக்கும் ஒருவரின் கண்ணெதிரே, கூர்மூக்கும் இமையா விழியும் கொண்ட தலையொன்று திடீரென்று தோன்றினால், அது கண்ணைக் குறிவைத்ததாகவே அவருக்குத் தோன்றும்.

கிளைதாவும் மூக்கன்

கொம்பேறி மூக்கனும் மெலிந்த, நீண்ட உடலுடையது. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் கொண்டது. முதுகில் வெண்கல நிறத்தில் ஒரு பட்டை தலையிலிருந்து வால்நோக்கி ஓடும். கண்கள் பெரியவை, கண்மணி வட்டமானது. அச்சமுற்று உடலை விரிக்கும்போது செதில்களுக்கிடையே இளநீல நிறம் பளிச்சிடும். பல்லி, ஓணான், தவளை முதலியவற்றை உண்ணும். பச்சைப்பாம்பு காத்திருக்கும் வேடன் என்றால், கொம்பேறி மூக்கன் தேடித்திரியும் வேடன். ஓர் இடத்தில் கண்ட அதனை மறுநொடி அங்குக் காண்பது அரிது. அத்துணை விரைவு உடையது.

இப்பாம்பைப் பற்றிய கதை இன்னும் கொடியது. கடித்தபின் அது மரத்தில் ஏறிச் சுடுகாட்டை நோக்கிக்கொண்டிருக்கும். கடிபட்டவரின் சிதைப்புகையைக் கண்டபின்னரே இறங்கும் என்பர். உண்மையில் கொம்பேறி மூக்கனுக்கு நஞ்சு இல்லை. அதன் கடி சிறு கீறலைத் தவிர வேறு தீங்கு செய்யாது. தலையை உயர்த்திக் கிளையின் நுனியிலிருந்து சுற்றிலும் நோக்குவது அதன் இயல்பு. ஆள்நடமாட்டம் குறைந்த இடத்து மரங்களில் அது அமைதியாக வாழும். சுடுகாட்டு மரங்களும் அத்தகையவை. இவ்விரு காட்சிகளும் மக்கள் மனத்தில் இணைந்து கதையாகியிருக்கலாம்.

பாம்பின் கால்

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது பழமொழி. பாம்பின் அடிவயிற்றில் அகன்ற செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. விலா எலும்புகளோடு இணைந்த தசைகள் அச்செதில்களை இயக்குகின்றன. மரப்பாம்புகளிடம் இவ்வமைப்பு மேலும் செம்மையடைந்துள்ளது. கொம்பேறி மூக்கனின் வயிற்றுச் செதில்களின் இருபுறமும் விளிம்புபோன்ற மடிப்பு இருக்கிறது. பட்டையிலுள்ள சிறு வெடிப்பிலும் அம்மடிப்பு பற்றிக்கொள்ளும். பனைமரத்தில் ஏறுபவர் காலில் தளைக்கயிறு இட்டு மரத்தைப் பற்றுவார். பாம்பு அக்கயிற்றைத் தன் உடலிலேயே கொண்டு பிறக்கிறது.

ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் செல்ல இடையில் வெளி உண்டு. மரப்பாம்பு வாலாலும் பின்னுடலாலும் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு, முன்னுடலைப் பிடிப்பின்றி வெளியில் நீட்டும். இதற்கு இரு பண்புகள் தேவை: எடை குறைவாக இருக்க வேண்டும், முதுகெலும்பு வளையாமல் தாங்க வேண்டும். மெலிந்த உடல் முன்னதைத் தருகிறது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் முள்ளெலும்புகளும் நீண்ட தசைநாண்களும் பின்னதைத் தருகின்றன. இவ்வாறு மரப்பாம்புகள் தம் உடல் நீளத்தில் ஏறத்தாழப் பாதித் தொலைவு வரை இடைவெளியைக் கடக்கக்கூடியவை. கொம்பேறி மூக்கனின் இனத்தவை உடலைச் சுண்டித் தாவுவதும் உண்டு. அதன் நெருங்கிய உறவான பறக்கும் பாம்பு விலா எலும்புகளை விரித்து, உடலைத் தட்டையாக்கிக் காற்றில் மிதந்து இறங்குகிறது. அது மலைக்காடுகளில் வாழ்வது.

மரமேறும் பாம்புக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. நீர் நிரம்பிய நீண்ட குழாயை நிமிர்த்திப் பிடித்தால் நீரின் எடை முழுவதும் கீழ்நோக்கி அழுத்தும். செங்குத்தாக ஏறும் பாம்பின் உடலில் இரத்தமும் அவ்வாறே வால்பக்கம் தேங்க முயலும். மூளைக்கு இரத்தம் செல்லாவிடில் பாம்பு மயங்கி விழும். இதனைத் தடுக்க மரப்பாம்புகளில் இதயம் தலைக்கு நெருக்கமாக அமைந்துள்ளது. உடலின் தோலும் தசையும் இறுக்கமாக இருப்பதால் பின்பகுதியில் இரத்தம் தேங்குவதும் குறைகிறது. கடல்பாம்புகளைச் சுற்றிலும் நீரின் அழுத்தம் தாங்குவதால் அவற்றுக்கு இத்தேவை இல்லை. அவற்றின் இதயம் தலையிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. வாழும் இடமே உடலை வடிவமைக்கிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தெரிந்து தெளிவோம்

கொம்பேறி மூக்கன் முட்டையிடும். மரப்பொந்து போன்ற மறைவிடங்களில் ஆறேழு முட்டைகள் இடும். பச்சைப்பாம்போ குட்டி ஈனும். முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ச்சி பெற்றுக் குட்டிகளாக வெளிவருகின்றன. இலண்டன் உயிரியல் பூங்காவில் 1885 ஆகஸ்டு முதல் தனித்து வைக்கப்பட்ட பெண் பச்சைப்பாம்பு ஒன்று, 1888 ஆகஸ்டில் குட்டிகளை ஈன்றது. பெண் பாம்புகள் சில, விந்தணுக்களை நெடுங்காலம் உடலில் சேமித்துவைக்கும் திறன் உடையவை. இணையைக் காண்பது அரிதான சூழலில் இத்திறன் இனம் தொடர உதவுகிறது.

சோழமண்டலக் கரையில் ஒரு தேடல்

இந்தியப் பாம்புகளை முறையாக ஆராய்ந்த தொடக்கக்கால அறிஞர்களுள் ஒருவர் பேட்ரிக் ரசல். ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான இவர் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பணியாற்றினார். பாம்புக்கடியால் மக்கள் இறப்பதைக் கண்ட அவர், நஞ்சுள்ளவை எவை, நஞ்சில்லாதவை எவை என்று பிரித்தறிய விரும்பினார். சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் திரட்டிய பாம்புகளை வண்ணப் படங்களோடும், மக்கள் வழங்கிய பெயர்களோடும் 1796இல் நூலாக வெளியிட்டார். உள்ளூர் மக்களின் அறிவைக் கேட்டறிந்து, அதனை ஆய்வால் சோதித்தறிந்தது அவருடைய சிறப்பு.

அத்தேடல் இன்றும் முடிந்துவிடவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பச்சைப்பாம்பு ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அவை பல இனங்கள் என்று 2020இல் நிறுவினர். பழைய பெயரான அகைதுல்லா நாசுட்டா இலங்கைப் பாம்புக்கே உரியதாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சிறிய பச்சைப்பாம்புகள் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. தமிழகச் சமவெளியில் வேலிதோறும் காணப்படும் பாம்பு, அகைதுல்லா ஆக்சிரிங்கா என்னும் பெயரைப் பெற்றது. 1825இல் தாமஸ் பெல் இட்டு, பின்னர் வழக்கொழிந்திருந்த பெயர் அது. கூர்மூக்கு என்பது அதன் பொருள்.

இதற்கு முந்தைய ஆண்டில், 2019இல், அகத்தியமலைப் பகுதியிலிருந்து மற்றொரு மரப்பாம்பு உலகுக்கு அறிமுகமாயிற்று. புரோஅகைதுல்லா என்னும் புதிய பேரினமாக அது வகைப்படுத்தப்பட்டது. பச்சைப்பாம்பின் மரபிலிருந்து ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தொல்கிளை அது. வேலியில் நாம் அன்றாடம் காணும் ஓர் உயிர்க்கும் இத்துணை நெடிய வரலாறு உண்டு.

அச்சம் எங்கே தேவை?

இந்தியாவில் பாம்புக்கடி இன்றும் பெருந்துயரமாக உள்ளது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் உயிரிழந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இவ்வுயிரிழப்புகளில் பெரும்பகுதிக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளே காரணம். இந்நான்கும் பெரும்பாலும் தரையில் வாழ்பவை. வயல்வரப்பு, செங்கல் குவியல், எலிவளை, குப்பைமேடு ஆகியவை அவற்றின் இருப்பிடங்கள். பச்சைப்பாம்பும் கொம்பேறி மூக்கனும் இப்பட்டியலில் இல்லை.

பச்சைப்பாம்புக்கு மேல்தாடையின் பின்புறத்தில் பள்ளமுடைய பற்கள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் மென்னஞ்சு ஓணானையும் தவளையையும் செயலிழக்கச் செய்யப் போதுமானது. மனிதருக்கு அது கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் உண்டாக்கும். உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் பச்சை நிறமுள்ளவை எல்லாம் பச்சைப்பாம்பு அல்ல. மலைக்காடுகளில் வாழும் மூங்கில் குழிவிரியனும் பச்சை நிறமுடையது, நஞ்சுள்ளது. தடித்த உடல், முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே வெப்பமுணரும் குழி ஆகியவை அதன் அடையாளங்கள். ஆதலால் எப்பாம்பையும் கையால் தொடாதிருப்பதே நன்று.

பொய்யான அச்சம் தீங்கற்றது என்று கருதிவிட முடியாது. மரத்தின் மேலுள்ள பாம்பை நோக்கி அஞ்சும் கண், காலடியில் கிடக்கும் ஆபத்தைக் காணத் தவறும். கட்டுவிரியன் இரவில் இயங்குவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. அதன் கடி பலநேரம் வலியின்றி இருப்பதால் கடிபட்டதையே ஒருவர் அறியாதிருக்கலாம். ஆலைப் பணிக்காக வெளியூரிலிருந்து வந்து, தற்காலிகக் குடில்களில் தரையில் படுத்துறங்கும் கட்டுமானத் தொழிலாளர்கள் இருக்கும் இப்பகுதியில் இவ்வறிவு உயிர்காக்கும் அறிவாகும். கட்டிலில் உறங்குதல், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகுதல், இரவில் கைவிளக்கோடு நடத்தல் ஆகிய எளிய செயல்களே பெரும்பாதுகாப்பு.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தை அறுப்பதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 அவசர ஊர்தியை அழைத்து, நச்சுமுறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கு, எத்தனை பேர் கடிபடுகின்றனர் என்பது தெரிந்தால்தான் மருந்தை உரிய இடத்தில் இருப்பு வைக்க இயலும்.

நச்சுமுறிமருந்துக்குத் தேவையான பாம்பு நஞ்சைத் திரட்டுவதில் இருளர் மக்களின் பங்கு பெரிது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. பிடிக்கப்படும் பாம்புகளிடம் நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அச்சங்கத்தின் நடைமுறை. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் கண்டு பாம்பின் இனத்தைச் சொல்லும் அவர்களுடைய அறிவு, அச்சத்தை வென்ற அறிவு.

அறுபடும் கிளைவழி

பூச்சியைத் தவளையும் ஓணானும் உண்கின்றன. அவற்றை மரப்பாம்பு உண்கிறது. மரப்பாம்பை வைரி, செம்போத்து, மயில், கீரி ஆகியவை உண்கின்றன. உணவு வலையின் நடுவில் நிற்கும் உயிர் அது. நடுவிலுள்ள கண்ணி அறுந்தால் மேலும் கீழும் உள்ள உயிர்கள் இரண்டும் பாதிப்படையும்.

இவ்விடத்தில் ஓர் எளிய கணக்கை எண்ணிப் பார்க்கலாம். 1.2 மீட்டர் நீளமுள்ள மரப்பாம்பு கடக்கக்கூடிய கிளைவெளி ஏறத்தாழ 60 செ.மீ. சாலையின் ஒரு வழித்தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஆறுவழிச் சாலையின் ஓடுதளம் மட்டும் 21 மீட்டர் ஆகும். கிளைவழியே கடக்க இயலாத பாம்பு தரையில் இறங்குகிறது. தரையில் அதன் பச்சை நிறம் அதற்கு மறைவாக அமைவதில்லை. கருநிறத் தார்மீது அது பளிச்சென்று தெரியும். மரத்தில் ஏறுவதற்கென்று அமைந்த உடல், வழவழப்பான சாலையில் விரைந்து செல்லவும் உதவாது. சரக்குந்தின் சக்கரத்திலிருந்தும் பருந்தின் கண்ணிலிருந்தும் அது தப்புவது கடினம்.

உயிர்வேலி இருந்த இடத்தில் கற்சுவர் எழுவதும் இத்தகைய இழப்பே. கிளுவை வேலி ஓர் ஊரின் தோட்டத்தை அடுத்த ஊரின் ஏரிக்கரையோடு இணைத்தது. ஓணானும் தவளையும் அதில் வாழ்ந்தன; அவற்றைத் தேடிப் பாம்பும் சென்றது. சுவருக்கு இருபுறமும் மரங்கள் இருந்தாலும் அவற்றின் கிளைகள் தொடாவிடில் அவை தனித்தனித் தீவுகளே. தீவுகளில் சிக்கிய உயிரினம் இணையைக் காண்பது அரிதாகி, காலப்போக்கில் குறைந்துபோகும்.

இந்நிலையை மாற்றுவது இயலாத செயல் அன்று. தொழில்வளர்ச்சியும் மரவாழ்வும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. சுற்றுச்சுவரின் உட்புறம் நொச்சி, காரை, கிளுவை போன்ற நாட்டுச் செடிகளை வரிசையாக வளர்க்கலாம். தனித்தனியாக நிற்கும் அழகு மரங்களுக்கு மாற்றாக, கிளைகள் ஒன்றையொன்று தொடும்படி வேம்பு, புங்கம், நாவல் ஆகியவற்றை நடலாம். ஏரிக்கரைப் புதர்களை அடியோடு அழிக்காமல் விட்டுவைக்கலாம். 2022 செப்டம்பரில் வண்டலூரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. நடப்படும் மரங்களின் எண்ணிக்கையோடு, அவற்றின் கிளைகள் இணையும் வகையில் நடப்படுகின்றனவா என்பதையும் கருதினால், அவ்விலக்கு மரவாழ் உயிர்களுக்கும் பயன்தரும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆலை வளாகத்திலோ பள்ளி வளாகத்திலோ பாம்பு தென்பட்டால் அடிப்பதை விடுத்து, தொலைவில் நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவிப்பதே முறை. பச்சைப்பாம்போ கொம்பேறி மூக்கனோ மரத்தில் இருக்குமாயின் பெரும்பாலும் அதுவும் தேவையில்லை. சற்று விலகி வழிவிட்டால் போதும், அது தானே சென்றுவிடும்.

பெயரிட்ட முன்னோர் பாம்பைப் பார்த்தனர். கிளையில் ஏறுவதைக் கண்டனர். இமையா விழியைக் கண்டனர். அவர்கள் கண்டது உண்மை. அச்சம் அதனோடு கொத்தலையும் சிதைப்புகையையும் சேர்த்தது. சேர்த்ததை நீக்கிக் கண்டதைக் காப்பது கற்றவர் கடமை. கொம்பேறி என்னும் சொல் அகராதியில் நிலைத்திருக்கும். அது ஏறுவதற்குரிய கொம்பும் நிலைத்திருந்தால்தான் அச்சொல்லுக்குப் பொருளும் நிலைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் பாம்புகளின் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொரு பெயரும் நிறம், உருவம், செயல், அச்சம் ஆகியவற்றுள் எதனை அடிப்படையாகக் கொண்டது என வகைப்படுத்துக.

2. பாம்பு தொடர்பான பழமொழிகளையும் மரபுத்தொடர்களையும் திரட்டி, அவற்றில் இயற்கையைக் கவனித்த அறிவு வெளிப்படுவனவற்றை வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. உங்கள் பள்ளியிலிருந்து அருகிலுள்ள ஏரி அல்லது தோப்பு வரை, கிளைவழியே ஒரு மரப்பாம்பு செல்ல இயலுமா? வழியில் இடைவெளி உள்ள இடங்களைக் குறித்து வரைபடம் அமைக்க.

4. 'பாம்புக்கடி – செய்யத்தக்கவையும் செய்யத்தகாதவையும்' என்னும் தலைப்பில் கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பயன்படும் விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.